பின்கதவைத் திறந்து வைத்த மிஸ்ஸி



கோப்பெங் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கும், அங்கே பிறந்து வளர்ந்து இன்று ஈப்போ வீடமைப்புப் பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கும் பத்து காஜா ரோடு நன்றாகத் தெரியும். அந்த ரோட்டில் போய், பத்து காஜாவைத் தாண்டி, பூசிங் பக்கம் திரும்பினால் ஒரு சின்னஞ்சிறு ஊர் வரும். பாப்பான் என்பது அதன் பெயர். மலாய் மொழியில் பலகை என்று பொருள். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கத்தால் ஓகோ என்று வாழ்ந்த பட்டணம் அது. இன்று அதன் கடைவீதியில் பாதி வீடுகளுக்கு மேல் செடியும் கொடியும் படர்ந்து கிடக்கின்றன. வழிப்போக்கர் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

ஆனால் நாம் இந்த வாரம் அங்கேதான் நிற்கப் போகிறோம். அந்தக் கடைவீதியின் 74ஆம் எண் வீட்டில் ஒரு தாதி இருந்தார். சிபில் கார்த்திகேசு என்பது அவர் பெயர். நம்மில் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர் உண்டு. ஈப்போ ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. ஆனால் அவர் யார், என்ன செய்தார், எதற்காக அப்படிப் பாடுபட்டார் என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விவரமாகச் சொல்லுவோம்? அதனால்தான் இந்தக் கதை.

துரை வீட்டுப் பெண்

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் ஜோசப் டேலி ஐரிஷ் கலப்பு யுரேஷியர். தோட்டத் தொழில் நடத்தியவர். நம் பாஷையில் சொன்னால் தோட்டத் துரை. தாயார் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி. தாயின் தொழிலே மகளுக்கும் வந்தது. தாதிப் பயிற்சியும் பேறுகாலப் பயிற்சியும் பெற்றார். கன்டோனீஸ் மொழியைச் சீனரே மெச்சும்படி பேசுவார். பிறப்பு முதலே கத்தோலிக்கர்.

அவர் மணந்தது ஒரு தமிழரை. தைப்பிங்கில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழரான ஆறுமுகம் கணபதிப் பிள்ளை ஒரு டாக்டர், இந்து. பெண் வீட்டில் முதலில் சம்மதமில்லை. சமயம் வேறு என்பதுதான் காரணம். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார் இணங்கவே, பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது. 1919 ஜனவரி 7ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் மாதா கோவிலில் கலியாணம் நடந்தது. டாக்டர் கத்தோலிக்கராகி, அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு ஆனார்.

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே தலைச்சன் பிள்ளை பிறந்தது. மைக்கேல் என்று பெயர் வைத்தார்கள். 1915இல் கலிப்பொலிப் போரில் மாண்ட சிபிலின் அண்ணன் பெயர் அது. பிள்ளை பத்தொன்பது மணி நேரந்தான் இருந்தது. ஊரார் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டு வரும் மருத்துவச்சியின் மடியில் சொந்தப் பிள்ளை தங்கவில்லை. லயத்து வீடுகளில் இப்படிப் பறிகொடுத்த தாய்மார் அந்தக் காலத்தில் எத்தனை பேர்! அந்தத் துக்கத்தின் கனம் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிபிலின் தாயார் பிரசவம் பார்த்த ஒரு குழந்தை அவர்கள் வீட்டிலேயே வளர்ந்து வந்தது. வில்லியம் என்று பெயர். அந்தக் குழந்தையைத் தம்பதியர் சொந்தப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். 1921இல் ஓல்கா பிறந்தாள். வெகு காலம் கழித்து 1936இல் டோன் பிறந்தாள். அந்தக் கடைக்குட்டியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

1926இல் ஈப்போ புருஸ்டர் ரோட்டில் 141ஆம் எண் கட்டடத்தில் டாக்டர் கிளினிக் திறந்தார். அதுதான் இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. கணவர் வைத்தியம் பார்க்க, மனைவி கூட நின்று எல்லாம் கவனித்தார். பதினைந்து ஆண்டுகள் நல்ல பேரோடும் மரியாதையோடும் ஓடின. போர் மட்டும் வராதிருந்தால், டவுன் டாக்டர் வீட்டு அம்மாவாக வயதாகிக் காலமாகியிருப்பார். நாமும் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஜப்பான்காரன் வந்தான்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஒரு வாரத்தில் ஈப்போவின் தலையில் குண்டு விழுந்தது. அந்த மாதக் கடைசிக்குள் ஈப்போவும் போனது, கோப்பெங்கும் போனது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் பெரும் சண்டை நடந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோமே, சைக்கிளில் வந்து நாட்டைப் பிடித்தான் என்று, அதெல்லாம் இந்த ரோட்டில்தான்.

கார்த்திகேசு குடும்பம் ஈப்போவை விட்டுப் பாப்பானுக்குக் குடி போனது. உயிர் பிழைக்கப் போனவர்கள்தான். அங்கே போயும் வைத்தியம் நிற்கவில்லை. அரிசி கிடைக்காமல் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உடம்பு வற்றிப் போன காலம் அது. மலேரியா ஒரு பக்கம், சொறி சிரங்கு ஒரு பக்கம், மருந்துத் தட்டுப்பாடு இன்னொரு பக்கம். தாதிகளை ஜனங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். பாப்பானில் மிஸ்ஸி இருக்கிறார் என்றால் வியாதிக்காரர்கள் தேடி வர மாட்டார்களா?

வந்தார்கள். முன்வாசல் வழியாக ஊர் ஜனங்கள் வந்தார்கள். பின்வாசல் வழியாக வேறு சிலர் இருட்டில் வந்தார்கள்.

பாப்பானுக்குப் பின்னால் மலையும் காடும். அங்கேதான் ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்களின் படை மறைந்திருந்தது. பெரும்பாலோர் சீன இளைஞர்கள். படையை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். குண்டடி பட்டவர்களும் காய்ச்சலில் விழுந்தவர்களும் காய்கறித் தோட்டங்களின் ஊடே மறைந்து அந்த வீட்டுப் பின்கதவுக்கு வந்தார்கள். சிபிலும் டாக்டரும் குண்டை எடுத்தார்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், மருந்து கொடுத்தனுப்பினார்கள்.

இது பிடிபட்டால் என்ன ஆகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கெம்பித்தாய் என்ற பெயரைச் சொன்னாலே ஜனங்கள் கப்சிப். முக்காடு போட்ட காட்டிக்கொடுப்பவன் தலையை ஆட்டினால் போதும், ஆள் திரும்பி வர மாட்டான்.

இன்னொரு குற்றமும் அந்த வீட்டில் நடந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு ரேடியோப் பெட்டியை மறைத்து வைத்திருந்தார்கள். இரவில் லண்டன் செய்தி கேட்பார்கள். பெட்டிக்கு ஜோசஃபின் என்று பெண் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கேட்ட செய்தி காட்டுக்குள்ளும் போகும். ஜப்பான்காரன்தான் எங்கும் ஜெயிக்கிறான் என்ற பேச்சைத் தவிர வேறு பேச்சே காதில் விழாத நாட்டில், உண்மைச் செய்தியும் ஒரு மருந்துதான்.

நம்பிக்கை எங்கே இருந்தது?

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். கத்தோலிக்க சமயத்தில் ஊறிய ஒரு பெண்மணி. காட்டில் இருந்தவர்களோ கடவுளே இல்லை என்னும் கட்சியைச் சேர்ந்தவர்கள். இவருக்கும் அவர்களுக்கும் என்ன ஒட்டு? அவர்கள் கொள்கை இவர் கொள்கை அல்ல. சொந்த பந்தமும் அல்ல. கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு, மாதாவிடம் மன்றாடிக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். பக்தி இல்லை என்று யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படி இருக்கவில்லை. அடிபட்டுக் கிடப்பவன் எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்தக் கட்சி என்று கேட்காமல் அவன் காயத்தைக் கட்ட வேண்டும் என்பது அவருடைய வேதம் சொல்லும் கதை. வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கிப் போன சமாரியன் கதையை, கிறிஸ்துவப் பள்ளியில் ஒரு வருஷம் படித்த நம் பிள்ளைகள்கூடச் சொல்லுவார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதை நள்ளிரவில் நம் வீட்டுப் பின்கதவைத் தட்டும்போது எழுந்து போய்த் திறக்கிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிபில் திறந்தார். ஒரு நாள் துணிச்சலில் திறந்துவிட்டு மறுநாள் பயந்து மூடவில்லை. மாதக்கணக்காகத் திறந்து வைத்தார்.

1943

அந்த ஆண்டு நம் இனத்துக்கும் மறக்க முடியாத ஆண்டு. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, போனவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் அந்தக் காட்டிலேயே மண்ணாகிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டத்துப் பெண்கள்கூடத் துப்பாக்கி தூக்கி ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரையும் காலம் ஒவ்வொரு பாதையில் தள்ளியது. அவரவர் துணிச்சல் அவரவருக்கு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குறைக்க நாம் வரவில்லை.

பாப்பானில் அந்த ஆண்டு முதலில் டாக்டர் பிடிபட்டார். அடுத்து ஆகஸ்டில் சிபில். வளர்ப்பு மகன் வில்லியமும் தப்பவில்லை. பின்னால் காடு இருந்தது. அங்கே இவரால் உயிர் பிழைத்தவர்கள் இருந்தார்கள். சிபில் வீட்டில்தான் இருந்தார். அங்கிருந்துதான் கொண்டு போனார்கள்.

கெம்பித்தாய்க்கு வேண்டியவை பெயர்கள். யார் வந்தது, யார் அனுப்பியது, யார் வழி காட்டியது? ஒரு பெயர் வாயிலிருந்து விழுந்தால் ஒரு குடும்பம் போகும். பத்துப் பெயர் விழுந்தால் பாப்பானே போகும். யோஷிமுரா என்னும் சார்ஜன்ட் விசாரித்தான். விசாரணை என்று சொல்லுவது வாய்வழக்குக்குத்தான். வயிறு வெடிக்கத் தண்ணீரை ஊற்றினார்கள். விரல் நகங்களைப் பிடுங்கினார்கள். முதுகெலும்பு பழுதாகும்படி அடித்தார்கள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணியின் கால்கள் நடக்க மறுத்தன.

பெயர் வரவில்லை.

பிறகுதான் டோனைக் கொண்டு வந்தார்கள். சின்னஞ்சிறு பிள்ளை. தாயின் கண்ணெதிரே அந்தப் பிள்ளையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள்.

படிக்கும் தாய்மார்களே, உங்கள் வயிறு பற்றி எரியும். எழுதும் நமக்கும் கை ஓடவில்லை. பிள்ளையைவிட என்ன பெரிய ரகசியம், சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்பது நியாயந்தான். பெற்றவளை இந்தத் தராசில் நிறுத்தியவனின் கொடுமையைத்தான் முதலில் பழிக்க வேண்டும். அவள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாய்க்கு இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கும். அவர் பெயர் சொன்னால் அடுத்த மரத்தில் தொங்குவது வேறொரு தாயின் பிள்ளை. சொன்ன பிறகு தம் பிள்ளையை இறக்கிவிடுவான் என்பதற்கும் என்ன உறுதி? கொடுமைக்காரன் கொடுக்கும் வாக்கில் நம்பிக்கை வைப்பதா, கடவுள் மேல் வைப்பதா? இந்த இரண்டைத் தவிர அன்றைக்கு அவருக்கு வேறு வழியில்லை.

அவர் பெயர் சொல்லவில்லை. பிள்ளை உயிரோடு இறக்கப்பட்டாள். டோன் பிழைத்தாள், வளர்ந்தாள், தாயின் கதையை உலகுக்குச் சொல்ல இருந்தாள்.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதித்து பத்து காஜா சிறையில் போட்டார்கள். கணவருக்கும் மகனுக்கும் சிறை. கோப்பெங் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போய் வந்த அதே பத்து காஜாதான். நம் பாட்டனார்கள் அந்தச் சிறைச் சுவரைக் கடந்துதான் போயிருப்பார்கள். உள்ளே நடக்க முடியாத ஒரு தாதி கிடந்தது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விடுதலையும் மரணமும்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிறைக் கதவு திறந்தது. சிபில் உயிரோடு வெளியே வந்தார். ஆனால் பழைய சிபிலாக வரவில்லை. சிகிச்சைக்காக விமானத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே இருந்தபடியே தம் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு 1954இல்தான் அது வெளிவந்தது. இரக்கத்தின் துளிகூட இல்லை என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. 1947இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பக்கிங்ஹாம் அரண்மனையில் அவருக்கு ஜார்ஜ் மெடல் வழங்கினார். வீரத்துக்காக அந்தப் பதக்கம் பெற்ற மலாயாப் பெண் அவர் ஒருவரே.

பதக்கம் காயத்தை ஆற்றவில்லை. தாடையில் பட்ட பழைய அடி உள்ளுக்குள் சீழ் வைத்து ரத்தம் விஷமாகியது. 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கண்ணை மூடினார். நாற்பத்தெட்டு வயது. லானார்க் என்னும் ஊரில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு, 1949இல், சடலத்தைத் தோண்டியெடுத்துக் கப்பலில் ஏற்றிப் பினாங்குக்குக் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து ஈப்போவுக்கு வந்த அந்த அம்மையாரை ஜனத்திரள் எதிர்கொண்டது. ஈப்போ கத்தோலிக்க இடுகாட்டில் மறுபடி அடக்கம் நடந்தது. பிள்ளை பெற்றுக் கொடுத்த கைகள், பிள்ளைகளின் ஊருக்கே வந்து சேர்ந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் இறந்து ஒரு வாரம் முடிவதற்குள், ஜூன் 18ஆம் நாள், மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது. யாருடைய காயங்களுக்கு அவர் கட்டுப் போட்டாரோ அந்தக் கட்சி மறுபடி காட்டுக்குள் போனது. அவருக்குப் பதக்கம் கொடுத்த அரசாங்கம் அவர்களை வேட்டையாடியது. தோட்டத்து ஜனம் நடுவில் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை நாம் அறிவோம். அரசியல் இப்படித் தலைகீழாகப் புரளும். நேற்றைய நண்பன் இன்றைய எதிரி. ஆனால் அன்று இரவு கதவைத் தட்டியவனின் காலில் ரத்தம் ஓடியது. அதைத் துடைத்தது சரியா தவறா என்பதை எந்த அரசியலும் மாற்றிவிட முடியாது. அரசியல் கணக்குப் பார்த்து நின்றிருந்தால் அவர் கதவைத் திறந்திருக்கவே மாட்டார்.

நமக்கு என்ன?

நாம் மதம் மாற்ற வரவில்லை. இந்தப் பகுதியைப் படிப்பவர்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் உண்டு, முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கிறவர்கள் உண்டு, பள்ளிவாசல் போகிறவர்கள் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்கு வெள்ளைச் சேலை கட்டிப் போகிறவர்களும் உண்டு. யாருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

கடவுளை நம்பினால் கஷ்டம் வராது என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சிபில் அம்மையாரின் வாழ்க்கை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பக்தி தலைச்சன் பிள்ளையைப் பிழைக்க வைக்கவில்லை. நகத்தைப் பிடுங்கும் கையைத் தடுக்கவில்லை. ஐம்பது வயதைக்கூட எட்டவிடவில்லை. பின்னே எதைத்தான் செய்தது? எப்போது கதவைத் திறக்க வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதற்குத் தெம்பு கொடுத்தது. டவுன் டாக்டரின் மனைவியை ஒரு வட்டாரத்துக்கே தாயாக மாற்றியது. அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டிப் பிழைத்தார்கள் என்றால், அந்த மூடிய வாய்க்கும் அதில் பங்குண்டு.

நம் வாழ்க்கையில் கெம்பித்தாய் இல்லை. ஆனால் கதவு தட்டப்படாத வீடு உண்டா? பக்கத்து வீட்டில் குடிகாரப் புருஷன் அடிக்கும் சத்தம் கேட்கிறது. அது அவர்கள் குடும்ப விஷயம் என்று ரேடியோவைக் கூட்டி வைக்கிறோம். உரிமையைக் கேட்ட தொழிலாளியைத் தனியாக நிறுத்துகிறார்கள். நமக்கேன் வம்பு என்று தலையைக் குனிகிறோம். செம்பனைக் காட்டில் நம்மோடு வேலை செய்யும் வேறு நாட்டுக்காரன் காய்ச்சலில் முனகுகிறான். அவன் யாரோ என்று நடக்கிறோம். நம் பாட்டனும் இந்த மண்ணுக்கு வந்த புதிதில் யாரோ ஒருவன்தானே? அப்புறம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறோம், ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிடுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. கும்பிட்டு எழுந்த கை கதவுத் தாழ்ப்பாள் வரைக்கும் போக வேண்டும் என்றுதான் சொல்லுகிறோம்.

பாப்பானில் அந்த 74ஆம் எண் வீட்டைப் பிற்காலத்தில் சிறிய நினைவகமாக்கி வைத்தார்கள். அடுத்த முறை பத்து காஜா பக்கம் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவரைக்கும் போய் வாருங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, வெளியில் நின்றாவது காட்டுங்கள். முன்வாசலை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பிள்ளைகளைப் பின்பக்கம் அழைத்துப் போங்கள். காட்டையும் மலையையும் காட்டி, இந்தப் பக்கமாகத்தான் வந்தார்கள், இங்கேதான் ஒரு மிஸ்ஸி கதவைத் திறந்தார் என்று சொல்லுங்கள்.

அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.